பெருவிரல் பள்ளம்

— கையைக் காட்டுங்க. இம்புட்டு ஆடுது! இந்தக் கையோட சவரக் கத்தியைக் கல்லுல வச்சா வாய் மழுங்கித்தான் போகும்.

— மார்கழிக் குளிருடி. ஆடாம என்ன செய்யும்?

— இதுக்கு முந்தி மார்கழியே வரலையாக்கும். தள்ளுங்க, நான் தீட்டுறேன்.

— நீ என்னத்தத் தீட்டுவ?

— எங்கப்பா கத்தி அம்புட்டும் நான் தீட்டுனது. பேறுகாலம் பாக்கப் போற வீட்டுக்கெல்லாம் எனக்கு யாரு தீட்டிக் குடுத்தா? நீங்களா?

— சரி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு அன்னக்கொடி, இன்னைக்குக் கடை தெறக்கல. வெட்டிக்குத் தீட்டாத.

— ஏன் தெறக்கல?

— தலைவலி.

— இப்பத்தான் குளிருன்னீங்க.

— குளிர்ல தலைவலி வராதா? அலங்காநல்லூரு போயி மகளைப் பாத்துட்டு, ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்.

— பொங்கலுக்குப் பாண்டியம்மாளே வரப்போறா. அதுக்குள்ள என்ன அவசரம்? அதுவும் மகளைப் பாக்கப் போறவுக பைக்குள்ள கல்லு எதுக்கு?

— எந்தக் கல்லு?

— இந்தா என் மடியில கெடக்கே, இந்த ஜப்பான் கல்லுதான். வேட்டிக்குள்ள சுத்தி அடியில வச்சிருந்தீங்க. நான்தான் எடுத்தேன். ரெண்டு நாளைக்குப் போறவுக கல்லைத் தூக்கிட்டுப் போக மாட்டாக.

— பையை எதுக்குக் குடைஞ்ச?

— நேத்துச் சாயந்தரத்துலருந்து நீங்க நீங்களா இல்ல. டீக்கடையில ஒருத்தரைப் பாத்துட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு சந்து வழியா வந்தீங்க. சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வச்சுட்டீங்க.

— யாரைப் பாத்தேன்? யாரையும் பாக்கல.

— சங்கிலின்னு ஒருத்தர் மலேசியாவுலருந்து வந்திருக்காரு. தங்கச்சி பேத்தி சடங்குக்கு. கண்டவுகளுக்கெல்லாம் கோடாலித் தைலம் குடுத்துக்கிட்டுத் திரியிறாரு. எனக்கும் ஒண்ணு குடுத்தாரு, அந்தா மாடத்துல இருக்கு. தலைவலின்னா தேய்ச்சுக்கங்க.

— அவரு உங்கிட்ட எப்படி வந்தாரு?

— குழாயடியில நின்னேன். வந்து கேட்டாரு. 'கடைப் போர்டுல வீரணன்னு போட்டிருக்கே, எந்த ஊரு வீரணன்?'னு.

— நீ என்ன சொன்ன?

— பேரையூரு வீரணன்னு சொன்னேன். மனுசன் அப்படியே நின்னுட்டாரு. 'சண்டைக் காலத்துல சயாம் ரயில் ரோட்டு வேலையில எங்க கூடக் கெடந்தவனா? ஜப்பான்காரன் ஆபீசருக்குச் சிரைச்ச வீரணனா?'ன்னாரு. வீரணன்தான்னேன்.

— அடிப்பாவி.

— காலையில முதல் சவரம் அவருக்குத்தானாம். பிளேடு வேண்டாமாம், கத்தியிலதான் சிரைக்கணுமாம். விடிஞ்சதும் வந்துருவாரு.

— வீரணன் வீரணன்னு ஏலம் போடு. புருசன் பேரை இப்படிச் சொல்லுற பொம்பள இந்த உசிலம்பட்டியில நீ ஒருத்திதான். ரேஷன் கடையில பாரு, புருசன் பேரைக் கேட்டா ஒவ்வொருத்தியும் சேலையைக் கடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறவளைச் சொல்லச் சொல்லுறா. நீ போனா 'வீரணன்'னு பட்டுனு போட்டு உடைக்கிற. உனக்குக் கூச்சமே கெடையாது.

— கூச்சம் இருந்தா சொல்லாம இருந்திருப்பேன். தண்ணிச் செம்பை இப்படித் தள்ளுங்க.

— கொட்டிறாத. அது தண்ணி குடிக்காத கல்லு. மேல தெளிச்சாப் போதும், நிக்கும்.

— தெரியும். இத்தனை வருசமா பாக்குறேன். சின்னக் கல்லை எடுத்து இது மேல தேய்க்கணும், பால் மாதிரிக் குழம்பு வரணும். அதுக்கப்புறம் கத்தியைப் படுக்க வச்சு, முதுகும் வாயும் சேந்து கல்லைத் தொடணும். திருப்புறப்ப முதுகு மேலதான் திருப்பணும். சரியா?

— சரிதான்.

— அப்புறம் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?

— அந்தச் சத்தம் உனக்கு எப்படிக் கேக்குது?

— கல்லுல கத்தி போற சத்தம் மாதிரி.

— வேற ஒண்ணும் மாதிரி இல்லையா?

— வேற எது மாதிரி?

— மூச்சு மாதிரி. காலராக் கொட்டகையில படுத்துக் கெடக்கிறவன் மூச்சு. இழுத்து, விட்டு, கொஞ்சம் நின்னு, மறுபடி இழுத்து. நிக்கிறப்ப நமக்கும் நின்னுரும். இவ்வளவுதான் போலன்னு நெனைக்கிறப்ப மறுபடி இழுக்கும்.

— யாரு மூச்சு அது?

— அங்கிட்டுக் கெடந்தவன் எல்லாருக்கும் அப்படித்தான்.

— எல்லாருக்குமா நீங்க அமாவாசைக்குக் கம்மாய்க் கரையில எள்ளுந்தண்ணியும் விடுறீங்க? அப்பனுக்குன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போறீங்க. ஐயரு பேரு கேட்டா வாயை மூடிக்கிறீங்களாம். அவரே எங்கிட்டக் கேட்டாரு, உன் மாமனாருக்குப் பேரே இல்லையா தாயின்னு.

— நீ கல்லைப் பாத்துத் தேய்.

— தூக்கத்துல ஒருத்தனைக் கூப்பிட்டு 'தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா'ன்னு கேக்குறீங்க. ஒரு நாள் நான் எந்திரிச்சு 'வேணும்'னேன். நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்க, கண்ணு தெறக்காம. அதுக்கப்புறம் நான் பதில் சொல்றதில்ல.

— இதை எங்கிட்டச் சொன்னதே இல்லையே நீ.

— எதைத்தான் நாம சொல்லியிருக்கோம்? கல்லு ஆடுது. இருங்க, அந்தச் சாக்கைத் தாங்க.

— சாக்குல என்ன?

— கட்டை.

— என்ன கட்டை?

— இந்தக் கல்லு உக்காந்து வந்த கட்டை. நீங்க சயாமுலருந்து வந்த மறுநாள், உளுத்துப் போச்சுன்னு சொல்லி அடுப்புல போட்டீங்களே. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் வெளிய இழுத்துட்டேன். ஒரு ஓரந்தான் கரிஞ்சிருக்கு. பாருங்க, உளுக்கவே இல்ல.

— அன்னக்கொடி...

— கல்லை வச்சதும் எப்படி ஒக்காருது பாருங்க. ஒரு பக்கம் பெருவெரலுக்குப் பள்ளம். எதிர்ப்பக்கம் நாலு வெரலுக்கும் நாலு பள்ளம், கொஞ்சம் மேல தள்ளி. வேலை மெனக்கெட்டுச் செதுக்கியிருக்கான். செதுக்குறவன் தன் கை அளவுக்குத்தானே செதுக்குவான்? பிடிங்க.

— வேணாம்.

— ஒருக்காப் பிடிங்க. நீங்க எப்பவும் பிடிக்கிற மாதிரி, இடது கையில. வெரல் விழுகுதா பள்ளத்துல?

— விழுகல.

— வலது கைக்கு மாத்துங்க. மாத்துங்கன்னா.

— போதும் புள்ள.

— அச்சா ஒக்காந்துருச்சுல்ல? வலது கையில கல்லைப் பிடிக்கிறவன் கத்தியை எதுல பிடிப்பான்?

— நொட்டாங்கையில.

— வீரணன் நொட்டாங்கைக்காரன். தாலி கட்டுறப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. நொட்டாங்கையால முடிச்சுப் போட்டான்னு எங்க அத்தைமாரு கெக்கலி கொட்டிச் சிரிச்சாக. அதட்டி வலது கையால கட்டச் சொன்னாக. அவன் பதறிப்போயி முடிச்சை எம் பின்னங்கழுத்து முடியோட சேத்துக் கட்டிட்டான். வலிச்சுச்சு. அழுதேன். மறு வாரம் கப்பல் ஏறிட்டான். அவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கு.

— அப்போ உனக்கு... எப்ப தெரியும்?

— நீங்க வந்த மறுநாள் காலையில. முத்தத்துல உக்காந்து கல்லைப் பிடிச்சீங்க. வெரல் பள்ளத்துல விழுகாம அங்கிட்டும் இங்கிட்டும் தடவுச்சு. அடுப்படியிலருந்து பாத்துக்கிட்டிருந்தேன். நீங்களும் தலையைத் தூக்கிப் பாத்தீங்க. நான் குனிஞ்சு ஊதுகுழலை எடுத்துக்கிட்டேன்.

— ஏன் கூப்பாடு போடல?

— அதைத்தான் நானும் எங்கிட்டயே கேட்டுக்கிட்டிருக்கேன். போட்டிருந்தா எனக்கு வெள்ளைச் சீலை கட்டி விட்டிருப்பாக, அது ஒரு காரணம். ஆனா அது மட்டும் இல்ல. முந்துன நாள் சோறு போட்டப்ப, மனுசன் ஊரு ஆளுகளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு எலும்பும் தோலுமா இருக்கீங்க, எம்புட்டுப் பசி இருக்கும்? முதல் கவளத்தை எடுத்து இலை ஓரத்துல ஒதுக்கி வச்சுட்டுத்தான் சாப்புட ஆரம்பிச்சீங்க. அது யாருக்குன்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்டா எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு தோணுச்சு. போயிறக் கூடாதுன்னும் தோணுச்சு.

— நான் சொல்லத்தான் வந்தேன். சத்தியமா சொல்லத்தான் வந்தேன் புள்ள. அவன் எங்கிட்டக் கல்லைக் குடுத்து, எங்கம்மா கையில சேத்துருன்னு சொல்லிட்டுத்தான் போனான். குடுத்துட்டு, இப்படி ஆயிப்போச்சுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தம்மா 'வீரணா'ன்னு ஓடிவந்து கட்டிப் பிடிச்சுருச்சு. கண்ணு தெரியாத மனுசி. என் கன்னத்தைத் தடவுது, பல்லைத் தடவுது. வாயைத் தெறந்தேன், வரல. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அந்த நாளைக்கு இன்னும் விடியல.

— அவுகளுக்குத் தெரியும்.

— யாருக்கு?

— அந்த அம்மாவுக்கு. கண்ணுதானே இல்ல, கை இருந்துச்சுல்ல. சாகுற அன்னைக்கு என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, 'வந்தவன் நல்லவன், விட்டுறாத'ன்னாக. எம்மகன்னு சொல்லல. வந்தவன்னாக.

— ஐயோ. நான் அந்தம்மாவுக்குக் கொள்ளி வச்சேனே, மொட்டை போட்டு.

— மகன் இல்லாதவுகளுக்கு யாராவது வைக்கணும்ல.

— உனக்கு என் மேல அருவருப்பா இல்லையா?

— மொதல்ல பயமா இருந்துச்சு. உங்க மேல இல்ல, அவன் மேல. ராத்திரி நீங்க பக்கத்துல படுத்தா, நடுவுல ஒருத்தன் படுத்திருக்க மாதிரி இருக்கும். ஒதுங்கி எடம் விட்டுப் படுப்பேன். நீங்களும் எடம் விட்டுத்தான் படுத்தீங்க. ரெண்டு பேரும் அவனுக்கு எடம் விட்டோம். பாண்டியம்மா பொறந்து நடுவுல படுத்த பெறகுதான் அவன் எந்திரிச்சுப் போனான்.

— எனக்கு அவன் போகவே இல்ல.

— எனக்கும் முழுசாப் போகல. குங்குமம் வைக்கையில ஒரு நிமிசம் கை நிக்கும். செத்தவன் கட்டுன தாலி, இருக்கிறவருக்காக வைக்கிற பொட்டு. நான் யாருக்குச் சுமங்கலின்னு கண்ணாடியைப் பாத்துக் கேப்பேன். கண்ணாடிக்குள்ள இருக்கவளும் என்னையவேதான் பாப்பா. அவளுக்கும் தெரியாது. பொட்டை வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவேன்.

— என்னை மன்னிச்சிரு.

— கத்தியைப் பாருங்க. நெத்தி முடி ஒண்ணு பிடுங்கித் தாங்க... இந்தா, தொட்டதும் விழுகுது. இனி தோல் வாருல நாலு இழு இழுத்தாப் போதும்.

— எதுக்குடி இன்னும் இழுத்துக்கிட்டு? சங்கிலி மூஞ்சியைப் பாத்ததும் கத்தப் போறான். அந்தக் கொட்டகையில அவனுக்கு நானும் தெரியும், வீரணனும் தெரியும். வீரணனுக்குக் குழி வெட்டையில மூங்கிலைப் பிடுங்கிப் போட்டவனே அவன்தான்.

— அப்படின்னா நல்லதாப் போச்சு. எந்த எடம்னு அவருக்கும் தெரியும்ல. ரெண்டு பேரும் சேந்து எனக்குச் சொல்லுங்க. எந்தப் பக்கம் தலை வச்சீங்க, மேல என்ன போட்டீங்க, எல்லாம் சொல்லுங்க. வீரணனுக்கு நான் இன்னும் ஒரு கை வாய்க்கரிசி போடல.

— ஊரு சும்மா விடுமா? கடையை உடைச்சுரும். அடிச்சு வெரட்டும்.

— வெரட்டுனா போவோம். பை கட்டித்தானே வச்சிருக்கீங்க. எஞ்சேலை ரெண்டை அதுல வைக்க எடம் இருக்கு. கல்லை நான் தூக்கிக்கிறேன்.

— நீயும் வருவியா?

— பின்ன, நீங்க மட்டும் போறதுக்கா இந்தக் கட்டையை நான் அடுப்புலருந்து எடுத்தேன்?

— கதவு. தட்டுறாங்க.

— கேக்குது.

— அவன்தான். 'வீரணா'ன்னு கூப்பிடுறான் பாரு.

— கூப்பிடட்டும். அவரு கூப்பிடுற ஆளு வரமாட்டாரு.

— அன்னக்கொடி, நான் போயி என்னன்னு சொல்லட்டும்?

— அவருக்குச் சொல்லுறது இருக்கட்டும். கதவைத் தெறக்க முந்தி எனக்கு ஒண்ணு சொல்லுங்க.

— என்ன சொல்லணும்?

— ரேஷன் கடையில கூச்சமில்லாம புருசன் பேரைச் சொல்லுறேன்னு ஏசுனீங்கள்ல. நான் ஒரு நாளும் எம் புருசன் பேரைச் சொன்னதில்ல. சொல்லுங்க, உங்க பேரு என்ன? அது தெரிஞ்சாத்தானே நான் அதைச் சொல்லாம இருக்க முடியும்?