முத்துமீனாவின் கை அளவு

பகல் பன்னிரண்டரை மணி. செக்கானூரணி தாண்டி உள்ளே பிரியும் தார்ச்சாலை. ஆளில்லை, ஆடு மாடில்லை. வெயில் மட்டும்...

அசோக்குமாரின் சித்தப்பா ஜெயக்கொடிக்கு நடந்தது இது. கரண்டு போன இரவுகளில் அசோக்குமார் இதைச் சொல்வான். பேய் என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது.

தேர்தல் முடிந்திருந்தது. லைசன்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கும் வாரம். ஏட்டு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"என்னண்ணே, ரெண்டு மாசம் பிரிஞ்சதுக்கே இம்புட்டு இளைச்சுட்டீக?"

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அதை வாங்கத் திண்டுக்கல்லிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. எல்லாம் மனைவி தாமரைச்செல்வியின் பிடிவாதம். "அது வீட்டுக்குள்ள இருக்கவரைக்கும் எனக்குச் சோறு இறங்காதுங்க." ஜெயக்கொடிக்கோ, அதைக் கொடுத்துவிட்டால் மகள் முத்துமீனாவை இன்னொரு முறை தூக்கிக் கொடுப்பதுபோல.

அழகான துப்பாக்கி. பக்கம் பக்கமாக ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு குழல்கள். தோளில் பதிக்க மெலிந்த, நேரான வால்நட் மரக் கட்டை. அதில் மழைத்தண்ணீர் ஓடிய தடம் போலக் கருவரிகள். அந்தக் கட்டையை முத்துமீனாவுக்காகவே செதுக்க வைத்திருந்தார். அவள் இடக்கைக்காரி. அதனால் கட்டை ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையைத் தொட வேண்டும், அதுதான் அளவு. பிள்ளைக்குக் கை நீள நீள, செல்லூர் தச்சர் சிவபாண்டி கட்டையின் அடியில் ஒரு மரத்துண்டு சேர்ப்பார். பன்னிரண்டு வயதுக்கு ஒன்று. பதிமூன்றுக்கு ஒன்று. பதினான்குக்கு ஒன்று.

பிறகு நான்கு நாள் காய்ச்சல்... இரண்டு வருடமாகிவிட்டது.

அந்தத் தார்ச்சாலையில் வீடு திரும்பும்போது பெட்டி காரின் பின்சீட்டில் இருந்தது. முதலில் வாசனை வந்தது. கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய். அதற்குள் லேசாக, வியர்வையில் கரைந்த பவுடர்.

அப்புறம் சத்தம்.

டக்.

துப்பாக்கியை மடக்கி மூடும் சத்தம். ரைஃபிள் கிளப்பில் முத்துமீனா குண்டு போடாமலே அதைத் திறந்து மூடுவாள். கண்ணை மூடிக் கேட்பாள். "இன்னும் ஒருக்காப்பா..."

டக்... டக்.

ஆனால் பெட்டிக்குள் குழல் தனி, விசையோடு கட்டை தனி. கழற்றித்தான் வைத்திருந்தது. மூடிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

வண்டியை ஓரங்கட்டினார். பெட்டியைத் திறந்தார். இரண்டும் தனித்தனியாகவே கிடந்தன. மூடினார். மூடி உட்காரவில்லை. ஸ்டேஷனில் சுகமாக மூடிய பெட்டி... கட்டை தன் வெல்வெட் பள்ளத்தில் அடங்காமல் துருத்தி நின்றது. அடியில் சேர்த்த துண்டுகளை நகத்தை வைத்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று...

நான்கு.

நான்காவது துண்டு வெளுப்பாக இருந்தது. தொட்டால் ஈரம்.

வீட்டுக்கு வந்தார். மூடாத பெட்டியை மேசைமேல் வைத்தார். இரண்டு வருடமாக அதைத் தொடாத தாமரைச்செல்வி, பார்த்துக்கொண்டே நின்றவள், கட்டையை எடுத்தாள். தன் இடது முழங்கை மடிப்பில் அடியை வைத்தாள். விரலை நீட்டினாள். விசையில் போய்ச் சரியாக நின்றது.

"என் கை அளவுக்கு வந்துட்டா."



"நாளைக்கு வர்றவருக்கு என்ன சொல்ல?" என்றார் ஜெயக்கொடி.

"விக்கலைன்னு சொல்லுங்க. சிவபாண்டி அண்ணன்ட்டச் சொல்லிப் பெரிய பொட்டியாச் செய்யுங்க." முந்தானையால் கட்டையைத் துடைத்தாள். "உங்க வீட்டு ஆளுக எல்லாம் நெட்டை. இன்னும் வளருவா."

புதுப் பெட்டியில் கட்டைக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டுச் செய்து கொடுத்தார் சிவபாண்டி.

போன பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போன அசோக்குமார் அந்தப் பெட்டியைத் திறந்து, அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கிறான்.

ஒரு விரல்தான் நுழைந்தது.