தில்லையம்பலம் அண்ணை கோத்துவைத்த கைகள்

மேடையின் இடது ஓரத்தில் அமர்ந்திருக்கும் லண்டன் சட்டன் தமிழ் மன்றத் தலைவர் அம்பலவாணன் அவர்களே, அவரைப் பார்க்காமல் வலது ஓரத்தில் அமர்ந்திருக்கும் குட்மேய்ஸ் மன்றத் தலைவர் சிவானந்தன் அவர்களே, துணைவரை இழந்து நிற்கும் தவமலர் அக்கா அவர்களே, துயரோடு கூடியிருக்கும் பெரியோர்களே!

'ஐரோப்பா' தில்லையம்பலம் மறைந்துவிட்டார். ஏன் அவருக்கு அந்தப் பட்டம்? தம்பி பாரிஸில், தங்கை ஸ்டுட்கார்ட்டில், அவருடைய விசா ஃபைலோ குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மூவரும் ஒரு மேசையில் சாப்பிட்டதில்லை. பிரான்சும் ஜெர்மனியும் நெருங்குவது நமக்குப் பத்திரிகைச் செய்தி. அவருக்கோ அது வீட்டு விஷயம்.

நம் மன்றம் எதனால் இரண்டானது? சரஸ்வதி பூசையில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பதால். இரண்டு மன்றத்துப் பொங்கலுக்கும் போய் இரண்டு முறை சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். உடம்பைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இரண்டு தமிழ்ப் பள்ளிகளிலும் பிள்ளைகள் குறைந்து, இந்தக் கோடையோடு இரண்டையுமே மூடும் நிலை. அதுதான் அண்ணையை அரித்தது.

"பிரான்சும் ஜெர்மனியும் சண்டை முடிய, அவங்கள் முதலில நிலக்கரியையும் இரும்பையும் பொதுவாக்கினவங்கள். நீங்கள் அண்டாவையும் பாயையும் பொதுவாக்குங்கோவன்," என்பார். எண்பத்து நாலில், முதல் உலகப் போரில் இரு பக்கத்தாரும் மடிந்த வெர்டன் போர்க்களக் கல்லறைகள் முன்னால் அந்த இரு நாட்டுத் தலைவர்களும் கைகோத்து நின்ற படத்தைக் காட்டுவார். "ஆர் முதலில கை நீட்டினதெண்டு என்னைக் கேளாதையுங்கோ. அங்க கிடக்கிறவையைக் கேளுங்கோ."

நாம் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

போன செவ்வாய், தகனசாலை. ஒரே மலர்வளையத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் இரு தலைவர்களும் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். பெட்டியின் இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒரே நேரத்தில் விறைத்து நின்றார்கள்.

வெளியே வந்ததும் அம்பலவாணன் அண்ணை என்னைக் கார்களுக்குப் பின்னால் இழுத்தார். "சிவானந்தன் ஏன் காணும் என்ர கையைப் பிடிச்சவர்? ஐஸ் மாதிரிக் கிடந்தது."

அடுத்த நிமிடம் சிவானந்தன். "அம்பலவாணருக்கு உடம்பு சரியில்லையோ? என்ர கையைப் பிடிச்சார், விடுறாரில்லை. என்ன குளிர் அது!"

சபையோரே, நான் வம்பு பேசுபவன்தான். ஆனால் அன்று பெட்டியின் கால்மாட்டில் நின்றவனும் நான். நான்கு கைகளும் மலர்வளையங்களில்தான் இருந்தன. ஒரு கைகூடப் பெட்டியைத் தாண்டவில்லை. இதை இருவரிடமும் சொன்னேன். இருவரும் தங்கள் வலக் கையைப் பார்த்தார்கள். வழக்கமாக என்னைத் திட்டுவார்கள், அன்று திட்டவில்லை.

நேற்று இருவரும் தனித்தனியே போன் செய்து, பள்ளிகளை இணைக்கச் சம்மதம் என்றார்கள். காரணம் கேட்டேன். "அதை விடும்," என்றார் ஒருவர். மற்றவர் போனை வைத்துவிட்டார்.

தில்லையம்பலம் அண்ணை தொடங்கியதை நாம் முடிப்போம். செப்டம்பரில் ஒரே பள்ளி, ஒரே விளக்கு. முதல் திரியைத் தவமலர் அக்கா ஏற்றட்டும். இதற்கு உடன்படுவோர் எழுந்து நின்று கையை உயர்த்துங்கள்.

நன்றி. அப்படியே இருங்கள்.

செயலாளர் கைகளை எண்ணச் சொல்கிறார். மன்னிக்கவேண்டும், நான் எண்ணமாட்டேன். ஒரு கை கூடுதலாக வந்தால், அது யாருடையது என்று கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.