தவக்காலத்தில் விட்ட குளிசை

அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுவது பாவமோ என்று பல வருடம் தயங்கினேன். ஆண்டவர் பொறுக்கட்டும். போர் முடிந்து மன்னாரில் மீள்குடியேறிய புதிதில், முருங்கனுக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன்னால் பேசாலைப் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

“தவக்காலத்துக்கு இறைச்சியோட குளிசையையும் விட்டிட்டன், மாத்திரை ஒண்டும் போடுறேல்லை, அக்கா,” என்றாள் இளையவள்.

“எந்தக் குளிசை?”

“மனச்சோர்வுக்குத் தந்தது. மாதவிலக்கு நிண்டதில இருந்து உடம்பு தணலாக் கொதிக்குது, சும்மா சும்மா அழுகை வருது. என்ர மனுசன் அதை விசர்க் குளிசை, பைத்தியத்துக்குக் குடுக்கிறது எண்டவர். தவக்கால ஒறுத்தலா அதையும் விட்டால் மாதா சுகம் தருவா எண்டு மாமி, அவற்ர அம்மா, சொன்னவ.”

“சுகமோ?”

“நித்திரையே இல்லை. நேற்று கிணத்துக்குள்ள பாத்தபடி கனநேரம் நிண்டனான்.”

மூத்தவளின் குரல் பஸ் முழுவதும் கேட்டது.

“உன்ர மனுசன் கள்ளை விட்டவரோ? மாமி தன்ர பிரஷர் குளிசையை விட்டவவோ? கோயில்ல இறைச்சியை விடச் சொன்னது, மருந்தை ஆரடி விடச் சொன்னது?”

ஆஸ்பத்திரியடியில் பஸ் நின்றது.

“பெரிய வெள்ளி வரைக்கும் குளிசை தொடமாட்டன் எண்டு மாதாவுக்கு நேர்த்தி வச்சிட்டன், அக்கா...”

“நேர்த்தியை முறிச்ச பாவம் என்ர தலையில. இறங்கு! டொக்டரிட்ட உடம்புச் சூட்டையும் சொல்லு, கிணத்தையும் சொல்லு.”

கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள்.

வாசிக்கிறவர்கள் இதில் ஒரு சொல்லும் மாற்றாமல் உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்கள். ஆண்களுக்கும் மாமிமாருக்கும் முதலில் சொல்லுங்கள்.