ஏரியல் கம்பி வந்த வழி

மழைத் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் ரேடியோ வாங்கினால் இதை மறக்காதீர்கள்.

என் பெயர் சௌரிராஜன். ஸ்ரீரங்கத்தில் சயன்ஸ் வாத்தியார். வீட்டில் நானும் என் அக்கா வேதவதியும்தான். அத்திம்பேர் காலமான பிறகு பதினாறு வருஷமாக அவள்தான் எனக்குத் தளிகை பண்ணிப் போட்டாள்.

போன சித்திரையில் ரேடியோ வாங்கினேன். திருச்சி நிலையம் ஒரு முழக் கம்பியிலேயே கேட்கும். யுத்த சமயத்தில் எனக்கு லண்டன் வேண்டியிருந்தது. அதற்கு மாடியில் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கட்டி, அங்கிருந்து ஒரு கம்பியைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கம்பி. அது நுழைய என் வீட்டில் இடமில்லை.

கூடத்துச் சுவரில் துளை போடலாம் என்றேன். "அப்பா கட்டின சுவர்டா, உளி படப்படாது" என்றாள் அக்கா. அடுக்களைப் புகைபோக்கியைக் காட்டினேன். கண்டவர் தொட்ட கம்பி வந்தால் மடி போய்விடுமாம். பெருமாள் அறை ஜன்னலைப் பற்றிப் பேசவே விடவில்லை. வாசல் ஜன்னல் வழியாக இழுத்தேன். மூன்றாம் நாளே கதவை அறைந்து சாத்திக் கம்பியை நசுக்கிவிட்டாள். ஐந்து மாதம் ரேடியோ துணி போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

புரட்டாசியில் அவளாகவே வந்தாள். "ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே? நான் படுத்துக்கற உள்ளுல ஒரு துவாரம் இருக்கே, அது வழியா கொண்டு வாயேன்."

அவளுடையது கொல்லைப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. சுவரில் உயரத்தில் ஒரு சாண் துவாரம். காற்றும் வெளிச்சமும் அது வழியாகத்தான். திருச்சியிலிருந்து மெக்கானிக் மீரான் வந்து கம்பியை நுழைத்துக் கொடுத்தார். "துவாரத்துக்கு வெளியே கம்பியைக் கொஞ்சம் தொங்க விட்டிருக்கேன், சார். அதை இழுத்துடாதீங்க. மழைத் தண்ணி அங்கேயே சொட்டிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தொங்குவது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. விறைப்பாக இழுத்துக் கட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்தது. லண்டன் செய்தி ஆரம்பித்தால் போதும், "சௌரி, தண்ணி சொட்டறதுடா, படுக்கையெல்லாம் நனையறது" என்று குரல் வரும். எழுந்து போய்ப் பாத்திரம் வைத்துவிட்டுத் திரும்பினால் செய்தி முடிந்திருக்கும். பத்து நாள் இப்படி. "ஏதாவது பண்ணேன்டா" என்று கெஞ்சினாள். பண்ணினேன். பழைய வேஷ்டியைத் துவாரத்தில் திணித்து மேலே காரை பூசினேன். நீங்கள் அதைத் தட்டிப் பார்த்தது சரிதான்.

அக்காவுக்கு மூச்சிழுப்பு உண்டு. மழைக் காலத்தில் குளிர் காயக் கரிக் கணப்புச் சட்டி இல்லாமல் முடியாது. எரியும் மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து, அது அணைவதை வருஷா வருஷம் வகுப்பில் காட்டுகிறேன். மூடிய அறையில் கரி எரிந்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதும் அதே பாடத்தில் வருகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணப்பை நானே மூட்டி அவள் கட்டிலருகே வைத்தேன். கதவைச் சாத்தினேன். சாரல் அடிக்காமல் இருக்க அடியில் சாக்கை மடித்து நெருக்கி வைத்தேன். "இப்பதான் கதகதப்பா இருக்கு. நன்னா இருடா" என்றாள் உள்ளேயிருந்து.

லண்டனில் முந்தின ராத்திரி குண்டுவீச்சில் எத்தனை பேர் செத்தார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். "சௌரி" என்று கூப்பிட்டாள். தண்ணீர் சொட்ட வழியில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி கூப்பிட்டபோது குரல் மெலிந்திருந்தது. குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினேன். அதற்குப் பிறகு கூப்பிட்டாளா என்று சொல்ல முடியாது. செய்தியை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். ஆமாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்காவின் மேல் எனக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. சித்திரையிலேயே கூடத்துச் சுவரில் ஒரு துளை போட விட்டிருந்தால், பாவம், இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.