படத்தின் பின்பக்கத்தையும் பார்த்தவருக்கு

'நாதவாவி' இசை மாத இதழின் பக்கப் பொறுப்பாளர் செல்வி இமெல்டா பஸ்தியாம்பிள்ளை அவர்கள் ஓய்வு பெறும் நாளில், இதழின் ஊழியர்கள் வாசித்து அளிக்கும் மடல்.
மட்டக்களப்பு, ஆடி 1972

ஐம்பத்தாறாம் ஆண்டு தை மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை எட்டேகாலுக்கு, நீங்கள் எங்கள் அச்சகத்தின் படி ஏறினீர்கள். வெளியே மாரி மழை. குடையை மூலையில் சாத்திவிட்டு, மேசையில் கிடந்த இதழைக் கையில் எடுத்தீர்கள். அட்டையில் வீணையும் குத்துவிளக்கும். அதற்கு முந்திய மாதமும் வீணையும் குத்துவிளக்கும்தான். ஆசிரியர் அழகரத்தினம் ஐயாவிடம் நீங்கள் பேசிய முதல் வார்த்தைகள் எங்களுக்கு நினைவிருக்கின்றன.

"ஐயா, இது கோயில் கலண்டர் மாதிரி இரிக்கு. கலண்டரக் கடைக்காரர் சும்மா தாறாங்க. இத ஆரு காசு குடுத்து வாங்குவாங்க?"

ஐயா சிரித்தார். அன்றைக்கே உங்களை வேலைக்கு எடுத்தார்.

பக்கம் பார்த்துப் பக்குவம் சேர்த்தவரே! எழுத்தின் அளவோடு விளக்கின் அளவையும் அறிந்தவரே! படிப்பவர் வீட்டுப் படலை திறந்து பார்த்து வந்த பத்திரிகைப் பணியாளரே! எங்கள் இமெல்டா மிஸ் அவர்களே!

இத்தனை ஆச்சரியக்குறிகளை நீங்கள் ஒரு பக்கத்தில் விட்டுவைத்ததில்லை. இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் முதல் சனி வரை நீங்கள் மேசையில் இருந்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினீர்கள். பஸ் போகாத இடத்துக்குத் தோணியில் போனீர்கள். கடைகளில் எங்கள் இதழ் எப்படித் தொங்குகிறது, வீடுகளில் அது எங்கே கிடக்கிறது, இவற்றைப் பார்ப்பதே அந்தப் பயணங்களின் நோக்கம். கடையில் நூலில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும் இதழ்களில் மேற்பாதிதான் தெரியும் என்று கண்டீர்கள். அதன் பிறகு அட்டையில் முகம் மேலே வந்தது. எங்கோ பார்த்துக்கொண்டு பாடுபவர்களின் படங்களை ஒதுக்கினீர்கள். வாங்க வந்தவரை நேராகப் பார்க்கும் கண்களைத் தேடினீர்கள்.

ஆர்மோனியம் வாசிப்பவருக்கு ஒரு கை துருத்திக்கு, ஒரு கை கட்டைக்கு. இதழைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. நாங்கள் எல்லோரும் ஆர்மோனியத்தைக் கண்டவர்கள்தான். இதை யோசித்தவர் நீங்கள். பாட்டை நடுப்பக்கத்துக்குக் கொண்டுபோனீர்கள். கம்பி அடித்த நடுப்பக்கம் தானாக விரிந்து கிடக்கும். எழுத்தைப் பெரிதாக்கினீர்கள், குப்பி விளக்கில் பாடுகிறவர்களுக்காக. இடம் வீணாகிறது என்று ஐயா முறையிட்டார். இடம் வீணானால் பரவாயில்லை, கண் வீணாகக் கூடாது என்றீர்கள்.

பிறகு மண்டூர்த் திருவிழா வந்தது. அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு.

அந்த ஊர் வினாயகமூர்த்தி ஆர்மோனியம் வைத்துப் பாடினார். எங்கள் இதழில் வந்த பாட்டு. பல்லவி பாடினார், முதல் சரணம் பாடினார், மீண்டும் பல்லவிக்குப் போனார். மறுபடியும் அதே சரணம். மூன்றாவது தடவையும் அதே சரணம் வந்தபோது கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணே, மறுகா மறுகா அதையே பாடுறீங்க? மிச்சம் எங்க?"

"மிச்சம் எங்கட வீட்டுச் சுவரில ஒட்டிக் கிடக்கு," என்றார் வினாயகமூர்த்தி. "இஞ்ச இரிக்கிறாவே எண்ட மனிசி, இவதான் படத்த வெட்டி ஒட்டினவ."

அவருடைய மனைவி சின்னத்தங்கம் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்: "படம் வடிவா இரிந்திச்சி, ஒட்டினன். உங்கட குரலுக்குப் பாதிப் பாட்டு காணும்."

கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் நின்ற நீங்கள் சிரிக்கவில்லை. நடுப்பக்கத்தில் அடங்காத பாட்டின் மிச்சம் அடுத்த தாளுக்குப் போவது வழக்கம். அதே தாளின் மறுபக்கத்தில் பாடகரின் முழுப்பக்கப் படம். படத்தை வெட்டினால் பாட்டு போகும். பாட்டை வைத்திருந்தால் சுவருக்குப் படம் இல்லை. எத்தனை வீடுகளில் இந்தச் சண்டை நடந்திருக்கும் என்று திங்கட்கிழமை காலை எங்களிடம் கேட்டீர்கள். படத்தின் பின்பக்கத்தை நாங்கள் யாரும் ஒரு பக்கமாக நினைத்திருக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் படத்தின் பின்னால் பாட்டு வரவில்லை. அது விளம்பரம் இருந்த பக்கத்துக்குப் போனது; விளம்பரம் இங்கே வந்தது. முத்தலிப் முதலாளியின் சீலைக் கடை விளம்பரம், முழுப்பக்கம். இந்த மடலின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பதும் உங்களிடம் கற்றதுதான்.

வீடுகளில் சண்டை ஓய்ந்தது. நான்கு வருடம் எல்லாம் ஒழுங்காகப் போயின.

அறுபத்துமூன்றில் முத்தலிப் முதலாளி மண்டூர்த் திருவிழாவுக்குக் கடை போடப் போனார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் போனார். அது சின்னத்தங்கத்தின் வீடு. சுவர் நிறைய எங்கள் பாடகர்கள். கூரை ஒழுகிய மூலையில் ஒரு படம் பசை விட்டுத் தலைகீழாக மடிந்து தொங்கியது. அதன் முதுகில் தன் கடையின் பெயரை அவர் கண்டார். மற்றப் படங்களின் ஓரங்களையும் நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்திருக்கிறார்.

அவர் அச்சகத்துக்கு வந்த நாளை எங்களில் யாரும் மறக்கவில்லை. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"மிஸ், நான் விளம்பரம் ஆருக்குக் குடுக்கிறன்?"

"வாசகருக்கு, முதலாளி."

"இல்ல. சுவருக்குக் குடுக்கிறன். சுவரு என்ன, எண்ட கடைக்கு வந்து சீலை எடுக்கப்போகுதா?"

அந்த ஒரு பக்கத்தின் வருமானத்தில்தான் அந்த நாளில் எங்கள் கடதாசி வந்தது. அது நின்றால் இதழ் நிற்கும். முதலாளி போன பிறகு எழுத்துக் கோப்பவர்கள் வேறு எந்த அச்சகத்தில் ஆள் தேவை என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். விளம்பரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஐயா கடைசியில் சொன்னார். அப்படியானால் பாட்டு மறுபடியும் சுவருக்குப் போகும் என்றீர்கள்.

இரண்டு நாள் கழித்து முதலாளியின் கடைக்குப் போய் ஒரு சீலையை இரவல் கேட்டீர்கள்.

"இரவலா? சீலைக் கடையில வந்து இரவலா?"

"ஓம் முதலாளி. ஒரு படம் எடுத்திட்டுத் திருப்பித் தாறன்."

அந்த மாதத்துப் பாடகிக்கு அந்தச் சீலையை உடுத்தக் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். படத்தின் அடியில் ஒரே வரியில் பாடகியின் பெயரையும், அவர் உடுத்திருக்கும் சீலை எந்தக் கடையுடையது என்பதையும் வைத்தீர்கள். அச்சுப் பார்வைத் தாளை முதலாளியிடம் காட்டினீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"எண்ட பேரு சின்னனா இரிக்கே, மிஸ்."

"சின்னனா இரிந்தாத்தான் சுவரில இரிக்கும். பெரிசாப் போட்டா அத வெட்டி எறிஞ்சிட்டுத்தான் ஒட்டுவாங்க. பாடகியின்ட பேர ஒருத்தரும் வெட்ட மாட்டாங்க."

முதலாளி இன்னொரு முறை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைக் கண்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அன்று எல்லோருக்கும் தேத்தண்ணி எடுப்பித்தவரும் அவர்தான்.

ஆனால் படத்தின் பின்பக்கம் காலியாகிவிட்டது. அங்கே எதைப் போடுவது? எது போனால் யாரும் தேட மாட்டார்கள்? எல்லோரும் யோசித்தோம். ஐயாவே சொன்னார்: "எண்ட ஆசிரியர் உரையப் போடுங்க."

இன்று வரை அது அங்கேதான் வருகிறது. ஐயாவின் கருத்துகள் இந்த மாவட்டத்தின் பல சுவர்களைத் தாங்கி நிற்கின்றன. இதைச் சொல்ல ஐயா அனுமதி தந்தார்.

மிஸ் அவர்களே, ஓய்வு விழாவில் கண்ணீர் விடுவது வழக்கம். நாங்கள் ஆறுதலோடு நிற்கிறோம். அதன் காரணத்தைச் சபையோருக்குச் சொல்லவேண்டும்.

பெரியகல்லாற்றில் உங்கள் தங்கை மார்கிறட் உங்களுக்காக ஓர் அறையைக் கட்டிவைத்து வருடங்கள் ஆகின்றன. இரண்டு தடவை நீங்கள் ஓய்வு கேட்டீர்கள். இரண்டு தடவையும் ஐயா ஒரே பதிலைச் சொன்னார்: "நீங்க போனா நான் பூட்டிருவன்." ஐயா மிரட்டவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நீங்கள் போகாமல் இருந்தீர்கள். தங்கை கோபித்துக்கொண்டார். அறையில் நெல் மூட்டை அடுக்கினார்கள்.

இந்த வருடம் மூன்றாவது முறையாகக் கேட்டீர்கள். கேட்டதோடு நிற்கவில்லை. ஆனி இதழை அன்னப்பூரணி தனியாகச் செய்யட்டும், அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பூட்டுவதா இல்லையா என்று முடிவெடுங்கள் என்றீர்கள். அன்னப்பூரணி உங்கள் பக்கத்து மேசையில் பதினொரு வருடம் இருந்தவர். உங்களோடு ஒரு தடவையும் வாதாடாதவர். எங்களுக்குப் பயமாக இருந்தது.

அவர் அட்டைக்குக் கொண்டுவந்த படத்தில் பாடகர் யாரும் இல்லை. கல்லடிக் கடற்கரையில் மூன்று பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். நடுவில் மணலில் ஒரு சின்ன றேடியோ. ஒருத்தி மீனைக் கையில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

ஐயா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "சங்கீதப் புத்தகத்தில கருவாடா?"

நீங்கள் கேட்டீர்கள்: "பாடுறவர் எங்க, புள்ள?"

"றேடியோக்குள்ள இரிக்கார், மிஸ்," என்றார் அன்னப்பூரணி. "வீட்டுக்கு வீடு றேடியோ வந்திட்டு. பாடுற ஆக்கள் கொஞ்சப் பேர். கேக்கிற ஆக்கள் இவங்க. இவங்கட முகத்த நாம ஒருக்காலும் போடல்லையே."

நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள். படத்தின் ஒரு ஓரத்தில் வைத்தீர்கள். வெட்டச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தோம். பென்சிலைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனீர்கள்.

இதழ் கடைக்குப் போன பிறகு ஒரு கிழமை வரை செய்தி இல்லை. பிறகு கல்லடிக் கடைக்காரர் இன்னொரு கட்டு கேட்டு ஆள் அனுப்பினார். மறுநாள் பெரியகல்லாற்றிலிருந்து கேட்டார்கள். கரடியனாற்றிலிருந்து, எங்கள் இதழை இதுவரை எடுக்காத ஒரு கடைக்காரர், "அந்தக் கருவாட்டுப் புத்தகம்" வேண்டும் என்று பஸ் நடத்துநரிடம் சொல்லி அனுப்பினார். கொடுக்க எங்களிடம் இருக்கவில்லை. முத்தலிப் முதலாளி மட்டும் குறைப்பட்டார்: "நானும் இப்ப றேடியோ விக்கிறன். எண்ட கடை றேடியோ எண்டு கீழ ஒரு வரி போட்டிரிக்கலாமே."

ஐயா எல்லோரையும் கூப்பிட்டார். "நான் பூட்டல்ல," என்றார். பிறகு உங்களைப் பார்த்து, "மிஸ், நீங்க சந்தோசமாப் போயிட்டு வாங்க," என்றார்.

அப்போது நீங்கள் கதிரையில் சாய்ந்து இருந்தீர்கள். இத்தனை வருடங்களில் நீங்கள் சாய்ந்து இருந்ததை நாங்கள் கண்டதில்லை. அந்தக் கதிரைக்கு முதுகுப்பலகை இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்புக்குரிய மிஸ் அவர்களே! பெரியகல்லாற்று அறையிலிருந்து நெல் மூட்டைகளை இறக்கிவிட்டதாகத் தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் வீட்டுக்குப் போங்கள். கடற்காற்றில் தாள் பறந்தால் பறக்க விடுங்கள். அழகரத்தினம் ஐயா, அன்னப்பூரணி, எழுத்துக் கோப்பவர்கள், இயந்திரப் பகுதியினர், கட்டுப் போடுபவர்கள், 'நாதவாவி'யின் ஊழியர் எல்லோரும் இதைச் சேர்ந்து கேட்கிறோம். கீழே கையொப்பமும் இடுகிறோம்.

நேற்று மாலை நீங்கள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் புறப்பட்டீர்கள். அன்னப்பூரணி அடுத்த இதழுக்கான படங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் வாசல் வரை போனீர்கள். அங்கே நின்று அவரிடம் கேட்டீர்கள்:

"நாளையிலிருந்து நானும் ஒரு வாசகிதானே, புள்ள. எனக்கு என்ன படம் போடப்போறாய்?"