நிறம் விழாத வரி

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியாமல் எந்த அடுப்பும் அணைந்ததில்லை. அது குற்றமென்றால் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், சார். பிரவுசிங் சென்டர் வைத்த பிறகு குழம்போடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்வர்ணலதா தினமும் மூலைக் கம்ப்யூட்டரில் உட்காருவாள். "பரிமளாக்கா, கொஞ்ச நேரங்க்கா" என்பாள். டீ போட்டுக் கொடுப்பேன். தெருவில் அவளுக்கு என்னைவிட நெருங்கியவர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். யாரோடு பேசுகிறாள் என்பதை மட்டும் அவள் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமல், மெசஞ்சர் பேச்செல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும்படி வைத்தேன்.

பேசினது தேவிகாபுரத்து அன்பரசுவோடு. பெற்றோர் கூலி வேலை. பையன் சென்னையில் கம்பெனி உத்தியோகம். இவளோ பட்டுத்தறி வீட்டுப் பெண். மாதக்கணக்கான பேச்சு, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். உட்கார்ந்து படித்தால் கண் போய்விடும். டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு வசதி உண்டு, சார். வேண்டிய சொற்களைத் தேடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். 'பஸ்' மஞ்சள். 'ரிஜிஸ்டர்' பச்சை. 'அண்ணன்' நீலம். இன்னொரு சொல்லுக்கு ரோஸ்.

அவள் அண்ணன் சந்திரமோகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு குடும்பம் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. ஆனால் கட்டம் போட்ட தாளில் நிறத்தை மட்டும் பார்த்துப் பட்டுச்சேலை நெய்கிறவர். திரையில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார்.

"இங்க மட்டும் மூணு கலரும் ஒண்ணா வருதே, இன்னாங்க அது?"

"வெள்ளிக்கிழமை பஸ் ஏறிடலாம், ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு அந்தப் பையன் எழுதிகினு இருக்கான்."

"அதுக்குக் கீழ? கலரே இல்லாம வெறுமனே கீதே."

"அது ஒண்ணுமில்லீங்க, சும்மா பேச்சு. நீங்க ஜல்தியா ஆவுற வேலையப் பாருங்க."

பார்த்தார். வியாழக்கிழமை ராத்திரி லதாவுக்கு வயிற்றுவலியாம். விடிந்ததும் எரித்துவிட்டார்கள். வயிற்றுவலிக்குக் கழுத்து ஏன் கன்றிப்போகும் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. நானே கேட்கவில்லையென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் புகார் கொடுத்திராவிட்டால் நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

அந்த வெறும் வரியில் இருந்தது லதாவின் பதில். 'அம்மாவ விட்டுட்டு நான் வர மாட்டேன். என்னை மறந்துடுங்க.' நான் தேடச் சொன்ன சொல் ஒன்றும் அதில் இல்லை, நிறம் விழவில்லை. கம்ப்யூட்டர் செய்கிற வேலைக்கு நான் என்ன பண்ணுவேன்? வாயால் படித்துச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியாமலில்லை. அசதியாக இருக்கிறது, சார், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ரோஸ் எதற்கு என்றுதானே கேட்டீர்கள்? என் பேருக்கு. முதன்முதலில் தேடியதே அதைத்தான். மேலிருந்து கீழ்வரை உருட்டி உருட்டிப் பார்த்தேன்.

அத்தனை பேச்சில், ஒரு இடத்தில்கூட ரோஸ் இல்லை.