மேடத்தோட இருமல்

இல்லண்ணா, மேடத்துக்கு இருமலெல்லாம் சரியாப் போச்சு. நேத்து உங்கள ரிப்பேருக்குக் கூப்பிட்டு போன்ல பேசும்போதுதான் கொஞ்சம்... அத விடுங்க, முதல்ல இந்த அண்டாவப் பாருங்க. ஆமா, டிம்பனிதான், இந்தப் பெரிய மேளம். எங்க ஆர்கெஸ்ட்ரா வயலின்காரங்க வச்ச பேரு அண்டா. செம்புல நாலு வரிசையா நிக்குதில்ல, நான் உள்ள நுழைஞ்சாலே, என்னப்பா, தண்ணி ரொப்பியாச்சான்னு கேப்பாங்க.

தொல்ல பண்றது இந்தப் பெரிசுதான். திருகித் திருகி என் மணிக்கட்டே கழண்டுடுச்சு. தோலோட ஓரத்துல, எட்டு திருகு பக்கத்துலயும் விரலால தட்டிப் பாத்துட்டேன், எல்லாம் ஒரே சத்தம். சுருதி மாத்தற கால் மிதிக்கும் எண்ணெய் விட்டாச்சு. ஆனா வாசிக்கும்போது மட்டும் சுருதி கீழ போய்க் கெடக்குது.

சுருதி பாக்கற மெஷினா? நல்லாக் கேட்டீங்க! அறுபது பேர் சுத்தி வாசிச்சிட்டிருக்கும்போது அது யாரு சத்தத்தன்னு கேக்கும்? பாட்டு நடுவுலயே இந்தப் பெரிசுக்கு மட்டும் சுருதி மாத்தணும்ணா. அடிச்சும் பாக்க முடியாது, ஹால் பூரா கேட்டுடும். அதனால குனிஞ்சு, தோல்கிட்ட வாய வச்சு, வேணுங்கற சுருதிய மெதுவா முனகணும். முனகிக்கிட்டே மிதிய அழுத்தணும். சரியா வந்துச்சுன்னா அண்டா திருப்பி முனகும், பதில் சொல்ற மாதிரி. அத்தன பேர் நடுவுல எனக்கு மட்டும் கேக்கும். அந்த ஒண்ணுக்காகவே நான்... சரி, நீங்க பாருங்க.

இப்பவும் பதில் சொல்லுதுண்ணா, அதான் எரிச்சலே! சொல்லிச்சேன்னு நம்பி அடிச்சா, தப்பு. முன்னாடி நின்னு நடத்தற மேடம் குச்சியத் தூக்கி நிறுத்திடறாங்க. தம்பீ... பின்னாடி யாருப்பா பீரோவ நகத்தறது? உடனே ஓபோ ஊதற அண்ணன், மூக்காலயே: நானில்ல மேடம், நானில்ல மேடம்.

அதுவா, யார் குரலும் வரும் எனக்கு. ஒருநாள் கதவுக்குப் பின்னாடி நின்னு, இன்னிக்கு ஒத்திகை இல்ல, எல்லாரும் கெளம்புங்கன்னு மேடமா சொன்னேன். பாதிப் பேர் பெட்டிய மூடிட்டாங்க. எங்கப்பா குரல் ஒண்ணுதான் வராது. அவ்ளோ கட்ட.

சனிக்கிழம கச்சேரி. இன்னொரு தடவ தப்பு வந்தா, நீ முக்கோணத்த எடுத்துக்கோன்னு மேடம் சொல்லிட்டாங்க. பாத்திருப்பீங்களே, கம்பிய வளைச்சுத் தொங்கவிட்டிருக்குமே? கச்சேரி பூரா நின்னு கடைசில ஒரு டிங். ரெண்டு வருஷமா இதுக்காண்ணா குனிஞ்சேன்?

என்னது, ஒண்ணுமே இல்லையா? மிதி? ஸ்பிரிங்கு? தோல் எங்கயாவது தளந்து...? சுத்தமா ஒண்ணுமே இல்லையா?

அண்ணா, ப்ளீஸ், ஒரு திருகு தேஞ்சுடுச்சுன்னாவது சொல்லுங்களேன். ஒரே ஒரு திருகு. எட்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

ஐயோ, போன எதுக்கு எடுக்கறீங்க? மேடத்துக்கு வேணாம், நானே சொல்லிக்கிறேன்... அண்ணா, சொன்னாக் கேளுங்க...

கட் பண்ணிடுங்கண்ணா. என் பாக்கெட்லதான் அடிக்குது.

ஆமா. நேத்து மேடம் குரல்ல பேசினது நான்தான். நடுவுல கேட்டுச்சே, அது இருமலும் இல்ல. மூணு வாரமா குரல் உடையுது. மனசுல நெனைக்கற சுருதி ஒண்ணு, தொண்டைல வர்றது கொஞ்சம் கீழ. அத்தன சத்தத்துல எனக்கே தெரியறதில்ல. அண்டா என்ன பண்ணும் பாவம், நான் முனகினதுக்குத்தான பதில் சொல்லும்? ஒருவேள திருகா இருக்கக் கூடாதான்னுதான் உங்களக் கூப்பிட்டேன்.

என்ன, இப்ப ஒரு தடவ மேடமாப் பேசிக் காட்டணுமா? காலைலேர்ந்து அதத்தாண்ணா பண்ணிப் பாக்கறேன். வாயத் தொறந்தா எங்கப்பாதான் வர்றாரு.